நாத்தனார் வந்திருக்காங்க

என் அக்காவை எங்கள் தெருவுக்கே கொடுமைக்காரியாக ஆக்கிவைத்தது நானும் என் மனைவியும்தான். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, முழுதாக ஆறு வருடம். அக்கா அப்படிப்பட்டவள் இல்லை. பஸ் டெப்போவில் டைம் கீப்பர் வேலை. எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று நாள் முழுக்கக் கத்திக் கத்திக் குரல் மட்டும் பெரிதாகிவிட்டது. மற்றபடி ஆறு மணி நேர ரயில் தூரத்தில் தன் பாட்டுக்கு இருக்கிறவள். அவள் பெயர் கெட்ட கதையைச் சொல்வதென்றால் முதலில் என் மனைவியின் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சாம்பிள் டெய்லராக இருந்தாள். புதிதாக வரும் ஒவ்வொரு மாதிரியையும் முதல் ஆளாகத் தைத்துக் காட்டும் வேலை. அவள் தைத்ததைப் பார்த்துத்தான் மற்ற நூறு பேரும் தைப்பார்கள். அந்தத் திமிர் அவளுக்குக் கொஞ்சம் உண்டு, எனக்கு அது பிடிக்கும். ஏழு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அவளால் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. தூக்கத்தில் கை மடங்கிவிட்டது என்று நினைத்தோம். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. டாக்டர் முடக்குவாதம் என்றார். உடம்பே தன்னுடைய மூட்டுகளை எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போகிற நோயாம். போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார்.

மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள், அன்றைக்கே சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் ரொம்ப அன்பாக, "உடம்பைப் பாத்துக்கம்மா," என்றார். அந்த மாதம் முடிவதற்குள் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். அதை அவர் அன்பாகச் செய்ததைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த வருடம் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையில் கடை போட்டாள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிடிப்பது. கடை திறந்த அன்று என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினாள். கடைக்கு வருகிற ஒருவருக்கும் நோய் விஷயம் தெரியக்கூடாது. "தெரிஞ்சா பாவம்பாங்க. பாவம்னு சொல்லிட்டு வேற கடைக்குப் போயிடுவாங்க," என்றாள். நானும் தலையை ஆட்டினேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். என்னிடம் ஸ்பேனரும் ரப்பரும் நிறைய உண்டு. வீட்டில் உருண்டைக் கைப்பிடி இருந்த கதவுகளுக்கெல்லாம் முழங்கையால் அழுத்தினாலே திறக்கிற நீளக் கைப்பிடி போட்டேன். சாவிகளுக்கு ரப்பர் சுற்றினேன். பாட்டில், டப்பா எல்லாவற்றின் மூடியையும் நான் கிளம்புவதற்கு முன் தளர்த்திவைப்பேன். துணி காயப்போட கிளிப் கிடையாது, எல்லாம் ஹேங்கர்தான். கத்தரிக்கோலுக்குப் பதில் உருட்டி வெட்டுகிற கட்டர். மகளுக்குப் பள்ளிக்குச் சடை பின்னுவது என் வேலை. ஆரம்பத்தில் நான் பின்னிய சடையைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது லிஃப்ட் கேபிள் மாதிரி இருக்கு," என்றாள் அவள். இப்போது நன்றாகவே பின்னுகிறேன்.

என் மனைவியின் கைகள் எழுந்திருப்பது காலை பத்தரைக்குத்தான். அவள் ஆறு மணிக்கே எழுந்துவிடுவாள், கைகள் எழாது. வெந்நீர்த் தொட்டியில் இரண்டையும் போட்டுக்கொண்டு மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள், என்னை விரட்டுவாள், வீட்டு வரி கட்டக் கடைசி நாள் எது என்று ஞாபகப்படுத்துவாள். வாய்க்கு எந்த நோயும் வந்ததில்லை. வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை, மறுநாள் முழுக்க அசதி. மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. ஒருமுறை வங்கியில் கையெழுத்து சேரவில்லை என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "கையே எனக்குச் சேரல, கையெழுத்து எங்கருந்து சேரும்," என்றாள். நான் சிரித்து முடித்த பிறகுதான் அவளும் சிரித்தாள்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இருந்தும் வருடத்துக்கு ஏழெட்டு முறை நோய் கட்டை அவிழ்த்துக்கொண்டு வரும். விரல்கள் வீங்கி, மணிக்கட்டு சுட்டு, இரண்டு மூன்று நாளைக்கு ஊசியைத் தொடவே முடியாது. கடை திறந்த முதல் மாதத்திலேயே அப்படி வந்தது. பேன்ட் கேட்டு வந்த பேக்கரிக்காரரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் முழித்தாள். என் அக்கா கடையைப் பார்க்க வந்து முந்தின நாள்தான் ஊருக்குப் போயிருந்தாள். அந்த நினைப்பில், "நாத்தனார் வந்திருக்காங்க, அதான் முடியல," என்று வாயில் வந்துவிட்டது.

பேக்கரிக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் மனைவிக்கும் நாத்தனார் உண்டு. "புரியுதும்மா," என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் மாடிக்கு வந்து சொன்னபோது இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வேறு எந்தக் காரணம் சொன்னாலும் நாலு கேள்வி வரும். நாத்தனார் என்றால் கேள்வியே வராது.

அதற்குப் பிறகு அதுவே வீட்டுப் பேச்சாகிவிட்டது. காலையில் அவள் எழுந்து, "நாத்தனார் வந்தாச்சு," என்றால் நான் சமையலறைக்குப் போவேன். "நாத்தனார் கிளம்புறாங்க போல," என்றால் வீக்கம் வடிகிறது என்று அர்த்தம். மகள் நாலு வயதில் டாக்டரிடமே, "எங்க அத்தை எப்ப ஊருக்குப் போவாங்க?" என்று கேட்டிருக்கிறாள். தெருவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என் மனைவியும் நாத்தனாரைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை, வந்திருக்கிறார்கள் என்பதோடு சரி. மிச்சத்தைத் தெருவே கற்பனை செய்துகொண்டது.

இந்த வருடம் மகள் படிக்கும் பள்ளியில் கடலைப் பற்றி ஒரு நாடகம். நாடக டீச்சர் எப்போதும் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டிருப்பார், அதனால் எங்கள் வீட்டில் அவர் விசில் டீச்சர். முப்பது பிள்ளைகளுக்கு முப்பது மீன் உடை வேண்டும் என்று என் மனைவியிடம் வந்தார். கடை தொடங்கி இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நாடகம். ஞாயிறு வரை பத்தொன்பது மீன் முடிந்திருந்தது. பதினொன்றுதான் பாக்கி. இது நல்லபடி முடிந்தால் வருடா வருடம் பள்ளி வேலை வரும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் அக்கா, ஒரு வார லீவு கிடைத்தது என்று பெட்டியோடு வந்து இறங்கினாள்.

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவுக்கு நோய் தெரியும். நோய்க்கு வைத்த பெயர் தெரியாது.

திங்கட்கிழமை காலை அக்கா ரொட்டி வாங்கப் போனாள். "நீங்க யாரு, புதுசா இருக்கு?" என்றிருக்கிறார் பேக்கரிக்காரர். "தையக்கடை இருக்குல்ல, அவங்க நாத்தனார்," என்று இவள் வாயெல்லாம் பல்லாகச் சொல்லியிருக்கிறாள். அவர் முகம் அப்படியே இறுகிப்போய், காய்ந்துபோன ரொட்டியாகப் பொறுக்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். லிஃப்டில் ஏறிய நான்காம் மாடிப் பெண்மணி, "எத்தனை நாள் இருப்பீங்க?" என்று கேட்டிருக்கிறார். "ஒரு வாரம்," என்றதும், "முழு வாரமுமா?" என்றிருக்கிறார்.

"உங்க தெருவுல எல்லாரும் என்னை நல்லா விசாரிக்கிறாங்கடா," என்றாள் அக்கா. நான் தட்டில் இருந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடிக்க முடியாத ரொட்டி.

செவ்வாய்க்கிழமை காலை நோய் வந்துவிட்டது. நல்ல வேகத்தோடு வந்தது. மனைவியின் இரண்டு மணிக்கட்டும் பன் மாதிரி வீங்கியிருந்தன. பத்தரை ஆனது, பதினொன்றும் ஆனது, விரல் மடங்கவில்லை. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு, "பதினொரு மீன்," என்று மட்டும் சொன்னாள். பயந்திருந்தாள்.

"நீ பேசாம இரு. நான் கீழ போய் கடையில உக்காந்துக்கறேன். யாராவது வந்தா சொல்லி அனுப்பறேன்," என்று அக்கா இறங்கிப் போனாள். தடுக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் லிஃப்ட் கதவு மூடிவிட்டது. மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது என் தொழில். அந்த வாரம் மனைவிக்கும் அக்காவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட என்னை எடுக்க ஆள் இல்லை.

கால் மணி நேரத்தில் அக்கா திரும்பி வந்தாள். டெப்போவையே அதிரவைக்கிற அந்தக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை, மெதுவாகப் பேசினாள்.

"விசில் போட்டுக்கிட்டு ஒரு டீச்சர் வந்தாங்க. நான் யாருன்னு சொன்னேன். உடனே, அவங்களைக் கொஞ்சம் நிம்மதியா வேலை செய்ய விடுங்கம்மாங்கறாங்க. ஆறு வருஷமா நீங்க வந்தாலே இந்தப் பொண்ணு கடைக்கு வரதில்லையாமே, ஒரு நாள்கூட உங்களைப் பத்தித் தப்பாப் பேசினதில்ல, அவ்வளவு நல்ல பொண்ணைப் போய் இப்படிப் படுத்தறீங்களேங்கறாங்க." அக்கா பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "ஆறு வருஷத்துல மூணு தடவை வந்திருக்கேன். அவங்க கணக்குல நாப்பது தடவை வந்திருக்கேன்டா. நான் என்னடா பண்ணேன்?"

என்னைத்தான் கேட்டாள். என் மனைவி தொட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"நீங்க ஒண்ணும் பண்ணல அண்ணி. நான்தான் பண்ணேன்," என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். பேக்கரிக்காரரிலிருந்து டாக்டர் வரை.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், "அப்ப நான்தான் வியாதியா?" என்றாள். அதைக் கேட்டு என் மனைவி எழுந்தாள்.

"டீச்சர் கீழதானே இருக்காங்க? வாங்க, நான் சொல்றேன்."

நான் குறுக்கே போனேன். "இரு. மீனெல்லாம் முடியட்டும். இப்ப சொன்னா வேலையை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. சனிக்கிழமை சொல்லிக்கலாம். அக்கா தப்பா நினைக்க மாட்டா."

"என் கை வீங்கினா மாத்திரை இருக்கு," என்றாள் என் மனைவி. "அவங்க பேருக்கு என்ன மாத்திரை இருக்கு? லிஃப்ட் பட்டனை அமுத்துங்க, எனக்கு விரல் வரல."

அமுக்கினேன். மூன்று பேரும் இறங்கினோம்.

விசில் டீச்சர் கடையில் தொங்கிய மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார். என் மனைவி அவர் எதிரில் இரண்டு கைகளையும் நீட்டினாள். ஆறு வருடமாக முழுக்கைச் சட்டைக்குள்ளும் துணிக்குவியலுக்குள்ளும் ஒளித்துவைத்திருந்த கைகள். "டீச்சர், நாத்தனார்னு நான் சொன்னதெல்லாம் இதைத்தான். இது வந்தா என்னால தைக்க முடியாது. வெளிய சொன்னா வேலை வராதுன்னு பொய் சொன்னேன். இவங்க என்னை ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல. எங்க வீட்லயே நல்லவங்க இவங்கதான்." அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்படியே விட்டுவிட்டேன், அது வாதாடும் நேரமில்லை.

டீச்சர் கைகளைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "அய்யோ, இவங்களைத் திட்டிட்டேனே," என்றார் முதலில். மன்னிப்புக் கேட்டார். பிறகு தொங்கிய மீன்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "மீன் வருமா?" என்றார்.

"என் கையால வராது டீச்சர். வேற கை கிடைச்சா வரும். சொல்லிக்குடுக்க வாய் இருக்கு."

"என்கிட்ட ரெண்டு இருக்கு," என்றாள் அக்கா. "இந்தக் கையால நான் இவளை அடிக்கிறேன்னு தெருவே நினைச்சிட்டிருக்கு. தையல்லயாவது போடறேன்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. டீச்சர் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த இரண்டு நாள் எங்கள் கடை ஒரு டெப்போ மாதிரியே நடந்தது. மனைவி வெந்நீர்த் துண்டில் கையைச் சுற்றிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். நான் லீவு போட்டுவிட்டுச் செதில் வெட்டினேன். அக்காவுக்கு நேராகத் தைக்க மட்டும் வரும், வளைவு வந்தால் மெஷினையே திருப்பப் பார்ப்பாள். மகள் பள்ளிவிட்டு வந்ததும் கண்களை ஒட்டினாள். சாம்பிள் டெய்லர் சும்மா இருப்பாளா? "பிரிங்க அண்ணி," "திரும்பப் பிரிங்க அண்ணி," என்று அக்காவை ஒருவழி பண்ணிவிட்டாள். "டேய், இப்பதான்டா உண்மையிலயே கொடுமை நடக்குது, இதை யார் போய்த் தெருவுல சொல்றது," என்றாள் அக்கா. ஆறு வருடத்தில் அந்தக் கடையில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. வலியோடுதான் உட்கார்ந்திருந்தாள் என் மனைவி, ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை மாலை முப்பது மீனும் முடிந்தன. அதில் ஒரு மீனுக்கு அவசரத்தில் கண் வால் பக்கம் விழுந்துவிட்டது, ஒருவரும் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மேடையில் அதைப் போட்டுக்கொண்ட சிறுமி கொஞ்ச நேரம் குழம்பி நின்றாள். பிறகு தானே ஒரு முடிவெடுத்து, மற்ற மீன்கள் முன்னால் நீந்த, அவள் மட்டும் பின்பக்கமாகவே நடந்துபோனாள். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. விசில் டீச்சரே விசிலை மறந்து சிரித்தார். "அது நான் தைச்சது," என்று அக்கா பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாள்.

சனிக்கிழமை அக்கா ஊருக்குக் கிளம்பினாள். சும்மா கிளம்பவில்லை. ரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்னாடியே பெட்டியோடு இறங்கி, கடை கடையாக ஏறினாள். பேக்கரி, இஸ்திரிக் கடை, நான்காம் மாடி, ஒன்று விடவில்லை. "நான்தான் அந்த நாத்தனார். நான் நல்லவ. கெட்டது அவ கைக்கு வந்த வியாதி," என்று பஸ் கிளம்பும் நேரம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனாள். எங்கள் மூன்றாம் மாடி ஜன்னல் வரை கேட்டது.

என் மனைவி ஜன்னலோரம் நின்று கேட்டாள். "முடிஞ்சுது," என்றாள்.

"டீச்சர் ஒண்ணும் சொல்லலையே," என்றேன்.

"டீச்சருக்கு வேற வழியில்ல, மீன் வேணும். இவங்களுக்கு எத்தனையோ கடை இருக்கு." தொழிற்சாலையில் போன நாற்காலியைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அக்கா மேல் எனக்குக் கோபம் வந்தது. அக்கா மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் தோன்றியது.

திங்கட்கிழமை அவள் ஒன்பது மணிக்கே கடையைத் திறந்தாள். வீக்கம் பாதிதான் வடிந்திருந்தது. வழக்கமாகத் திங்கட்கிழமை காலையில் நாலைந்து பேர் பையோடு நிற்பார்கள். அன்றைக்கு ஒருவரும் இல்லை. ஒன்பதரைக்கும் இல்லை. பத்துக்கும் இல்லை. தெருவில் போகிறவர்கள் எங்கள் கடையைப் பார்த்துவிட்டுப் போனார்கள், உள்ளே வரவில்லை. எனக்கு வேலைக்குப் போக மனம் வரவில்லை, சிக்கிய ஜிப்பை இழுத்துப் பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். அவள் இன்ச் டேப்பைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

பத்தே முக்காலுக்குப் பேக்கரிக்காரர் வந்தார். அவர் பின்னாலேயே இஸ்திரிக்காரர், அவருக்குப் பின்னால் நான்காம் மாடி, எல்லார் கையிலும் பை.

"உங்க நாத்தனார்தான் சொன்னாங்க, பத்தரைக்கு முன்னாடி யாரும் போய் நிக்கக்கூடாதுன்னு," என்றார் பேக்கரிக்காரர். "ரொம்பக் கண்டிப்பான அம்மா. அவங்களுக்கு அந்தக் காஞ்ச ரொட்டியைக் குடுத்துட்டேன், மனசு கேக்கல. அடுத்த தடவை எப்ப வராங்க?" பையிலிருந்து மாவு அப்பிய பேன்ட் ஒன்றை எடுத்தார். "இதைக் கொஞ்சம் இடுப்புல தளர்த்தணும். வியாழக்கிழமை கிடைக்குமா?"

என் மனைவி வாயைத் திறந்தாள். பழக்கதோஷத்தில் அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது எனக்கே தெரிந்தது. நிறுத்திக்கொண்டாள்.

"வியாழக்கிழமை முடியாதுங்க. கை வலிக்குது. சனிக்கிழமை சாயங்காலம் தரேன்."

பேக்கரிக்காரர் ஒரு நொடி யோசித்தார். "சரி, சனிக்கிழமை," என்று பேன்ட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். இஸ்திரிக்காரரும் நான்காம் மாடியும் தங்கள் பைகளை வைத்தார்கள். அடுத்த திங்கள், செவ்வாய் என்று அவள் சொன்ன நாளைக் கேட்டுக்கொண்டு அவர்களும் போனார்கள்.

எல்லாரும் போன பிறகும் அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரின்னுட்டாரு," என்றாள்.

"ஆமா."

"மூணு பேருமே வெறும் சரிதான் சொன்னாங்க. ஏன், என்னன்னுகூடக் கேக்கலையே."

"நீதான் சொல்லிட்டியே," என்றேன்.

அவள் முக்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. துடைக்கக் கையைத் தூக்கியவள் பாதியில் முகத்தைச் சுளித்தாள். நான் பயந்துபோய்ப் பக்கத்தில் போனேன்.

"வலிக்குதா?"

"வலிக்குது," என்றாள் சிரித்துக்கொண்டே. கதவு திறந்துதான் இருந்தது, வெளியே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "நல்லா வலிக்குது."